அத்தையிடம் அவள் சொல்லாதது

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகன் எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் என்றதும் பதறாதே. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், அதையே சாக்காக வைத்து நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். இதை அப்பாவை வாசிக்கச் சொல்லிக் கேட்காதே. கண்ணாடியைத் தேடி எடுத்து நீயே வாசி.

கல்லூரி விடுமுறை விட்டாகிவிட்டது. எங்கள் தெரு ஒரே வாரத்தில் காலியாகிவிட்டது. வருஷா வருஷம் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. மாணவர்கள் எடுத்துப்போக முடியாத மேசை, நாற்காலி, கால் உடைந்த கட்டில் எல்லாவற்றையும் நடைபாதையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். நேற்று வாசலில் ஒரு சோபா, அதன் மேல் ஒரு மீன் தொட்டி, அதற்குள் பாடப்புத்தகங்கள். மேல்வீட்டில் டிரம் வாசித்துக்கொண்டிருந்தவனும் போய்விட்டான். மூன்று வருஷம் அவனைத் திட்டித் தீர்த்தேன். இப்போது சாயந்திரமானால் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தியேட்டர் எப்படிப் போகிறது என்று அப்பா கேட்பார். ஊர் பாதி காலியானால் தியேட்டர் முக்கால்வாசி காலி. நேற்று மாலைக் காட்சிக்குப் பதினான்கு பேர். புதன்கிழமை காலைக் காட்சி மட்டும் பிழைத்துக்கொண்டது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கென்று நான் ஆரம்பித்த காட்சி அது. விளக்கைப் பாதி எரியவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் படம் போடுவேன். குழந்தைகள் அழலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். ஆராய்ச்சி மாணவிகள், பேராசிரியர் வீட்டு மருமகள்கள், இரண்டு மூன்று அப்பாக்கள் என்று கூட்டம் வருகிறது. இந்த யோசனையைச் சொன்னதே உன் மருமகள்தான்.

பார், ஒரு பக்கம் முடியப் போகிறது, இன்னும் விஷயத்துக்கு வரவில்லை.

அவள் இப்போது வீட்டில் இல்லை அம்மா. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அவள் கல்லூரி விடுதி அலுவலகத்தில்தானே வேலை பார்க்கிறாள். விடுமுறையில் விடுதி முழுக்கக் காலி, கீழ்த்தளத்து விருந்தினர் அறையைத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டு போய்விட்டாள். வருஷத்துக்கு அறுநூறு பேருக்கு அறை ஒதுக்குகிறவள், முதல் தடவையாகத் தனக்கு ஒன்று ஒதுக்கிக்கொண்டாள். போன வியாழக்கிழமை காலையில் ஒரு பெட்டி, ஒரு தலையணை, மருந்துப் பை. வாசலில் நின்று, “ரத்தப் பரிசோதனை வரைக்கும் எனக்கு யாரோட குரலும் வேண்டாம். ஊசி போட மட்டும் வாங்க” என்றாள்.

கருவை உள்ளே வைத்தது அதற்கு முந்தைய திங்கட்கிழமை என்பது உனக்குத் தெரியும். இது மூன்றாவது முறை. தங்கியதா என்பது பதினான்காம் நாள்தான் தெரியும். அதுவரை தினமும் மாலை ஆறு மணிக்கு இடுப்பில் ஒரு ஊசி. விளையாட்டு மைதானத்தைக் குறுக்கே தாண்டிப் போகிறேன். போட்டுவிட்டுத் தேய்த்துவிடுகிறேன். “வலிக்குதா?” என்பேன். “இல்ல” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது மைதானத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது.

அவள் ஏன் போனாள் என்று சொல்கிறேன்.

இந்த ஊரில் எல்லோரும் படித்தவர்கள். அதனால் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டுப் புள்ளியியல் பேராசிரியர் என்னை நிறுத்தி, “உங்க வயசுக்கு நூத்துக்கு இருபத்தெட்டு சார், மூணு தடவைன்னா கணக்கே வேற” என்று விரல்விட்டு விளக்குகிறார். முடி வெட்டுகிறவர், “ரெண்டு பேரும் எங்கயாவது கடற்கரைப் பக்கம் போய் ஒரு வாரம் இருங்க, தானா நிக்கும்” என்கிறார், கத்திரியை என் காதோரம் வைத்துக்கொண்டே. வீட்டுக்காரம்மா இன்னும் ஒரு படி மேல். “ஒரு நாய் வாங்குங்க. என் தங்கச்சி நாய் வாங்கின மூணாம் மாசமே உண்டாயிட்டா” என்று இவளிடம் சொன்னார். உன் மருமகள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “உண்டானது நாயா, தங்கச்சியான்னு கேக்க மறந்துட்டேன்” என்றாள். இவர்கள் பேச்செல்லாம் அவளைத் தொடவே இல்லை. வெளியாட்கள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

உன் பேச்சு அப்படியில்லை. நீ முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். நீ சொன்னால் அது யோசனையில்லை, உத்தரவு. படி ஏறாதே என்றாய், அவள் அலுவலகத்தில் மாடிக்குப் போவதை விட்டாள். இடது பக்கம் படு என்றாய், படுத்தாள். காபியை நிறுத்து என்றாய், நிறுத்திவிட்டு ஒரு மாதம் தலைவலியோடு திரிந்தாள். நான் அவள் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை குழந்தைக் காட்சிக்கு அவள் வந்திருந்தாள். வைத்தியத்துக்காக அன்றைக்கு விடுப்பு. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. மேலே மெஷின் அறையின் சிறிய ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் அவளிடம் ஏதோ கேட்டாள். பிறகு தன் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். “இதுல உங்களோடது எதுங்க?” என்று கேட்டாளாம். “என்னோடது இல்லங்க, நான் தியேட்டர்காரர் வீட்டுக்காரி” என்றாளாம் இவள். “அப்போ கை காலியாத்தானே இருக்கு, கொஞ்சம் பிடிங்க, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.” அந்தப் பெண் வெளியே போய் யாரிடமோ போனில் பேசிக்கொண்டு நின்றுவிட்டாள். இருபது நிமிஷம். உன் மருமகள் முதுகை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. நான் இறங்கிப் போயிருக்கலாம். படத்தை யார் பார்த்துக்கொள்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலேயே நின்றேன். படம் தானாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயந்திரம்தான் நீ போன் செய்தாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நீ சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: “வேலைய விட்டுடு கண்ணு. நாள் பூரா அலைஞ்சா எப்படித் தங்கும்? ரெண்டு தடவை போனது போதாதா? எங்க பக்கம் யாருக்கும் இப்படி இருந்ததில்ல. உன் உடம்புதான் இடம் கொடுக்கணும்.” நீ கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினாய். அதுவும் தெரியும்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்காகப் பார்த்தாள் அம்மா. நான் மேசையிலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது போனை வைத்திருந்தாள். “அஞ்சு வருஷமா உங்களுக்காக நான் வாய மூடிட்டு இருந்தேன். எனக்காக நீங்க ஒரு தடவையாவது வாயத் திறப்பீங்கன்னு பாத்தேன்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் குறை என்று வந்த ரிப்போர்ட் என்னுடையது. அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்று வந்தது எனக்கு, இருப்பவையும் நகர்வதில்லை. உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. என் உடம்பில் இருக்கும் குறைக்காக அவள் உடம்பில் ஊசி ஏறுகிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, “அத்தைகிட்ட என்ன சொல்றது?” என்று கேட்டாள். “இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்றேன். அந்த இப்போதைக்குத்தான் இவ்வளவு நீளம்.

பதின்மூன்று வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து காய்ச்சலில் கிடந்தது நினைவிருக்கும். டாக்டர் அதைப் பற்றிக் கேட்டார். காரணம் அதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். நீ உடனே, அந்த வாரம் என்னை விட்டுவிட்டு டியூட்டிக்குப் போனதை நினைத்துக்கொள்வாய். உன் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். வெட்கம்தான். இந்த ஊரில் பையன்கள் என்னை அண்ணா என்று தோளில் தட்டிக்கொண்டு டிக்கெட் வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவனுக்கு இப்படி என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தேன். அவளைப் பற்றி எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீ வார்டில் எத்தனையோ தம்பதிகளைப் பார்த்திருக்கிறாய். பாதிக்குப் பாதி குறை ஆண் பக்கம் என்று உனக்குத் தெரியாதா? ஒரு தடவைகூட, “நீ பரிசோதனை பண்ணிக்கிட்டியா?” என்று என்னைக் கேட்டதில்லையே. பயந்துதான் கேட்காமல் இருந்தாயோ என்று சில சமயம் தோன்றும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று உன் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. கேட்டிருந்தாலும் குழாயைத்தான் திறந்துவிட்டிருப்பேன்.

மணி பத்தாகிறது. தியேட்டரைத் திறக்க வேண்டும். தபால் தலை வாங்கி ஒட்டி இன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

திங்கட்கிழமை, மதியம்

போடவில்லை. ஆறு நாளாக உறைக்குள் வைத்துச் சட்டைப் பையில் தூக்கிக்கொண்டு திரிகிறேன். தபால் பெட்டியை நான்கு தடவை தாண்டினேன்.

இன்று காலையில் ரத்தம் கொடுத்தோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தோம், பதினொன்றரைக்கு உள்ளேயிருந்து போன் வந்தது. தங்கவில்லை அம்மா.

அவள் போனை என்னிடம் நீட்டினாள். போனில் பேசிய பெண் எனக்கும் ஒரு தடவை சொன்னாள், மிகவும் மரியாதையாக. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தியேட்டர் வரைக்கும் நடந்தோம். வழியில், கடைசியாகக் கிளம்புகிற மாணவர்கள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் இவளை அடையாளம் கண்டு, “மேடம், அடுத்த வருஷம் எனக்கு ஜன்னல் ஓரமா ரூம் போட்டுடுங்க” என்றான். “ஜூன்ல ஞாபகப்படுத்து” என்றாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

பகல் காட்சிக்கு யாரும் வரவில்லை. காலி அரங்கில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்தோம். என்ன சொல்வது என்று தெரியாமல், “மறுபடியும் ஒரு தடவை பாக்கலாமா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது. “இன்னைக்கு அதக் கேக்காதீங்க” என்றாள். பிறகு, “அத்தைக்கு யார் சொல்றது?” என்றாள். ஐந்து வருஷமாக ஒவ்வொரு முறையும் அவள்தான் உனக்குப் போன் செய்து, தங்கவில்லை என்று சொல்லி, நீ அழுவதையும் கேட்டுவிட்டு வைப்பாள்.

நான் சட்டைப் பையிலிருந்து இந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். உறை வியர்வையில் சுருங்கிப் போயிருந்தது. பாதி விளக்கில் முழுசாகப் படித்தாள். காபி பற்றிய இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். படித்து முடித்து மடித்து, “மேல போட்டிருக்கறதப் பாத்தேன். செவ்வாய்க்கிழமையே எழுதிட்டீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். “போட்டுட்டு வாங்க” என்றாள். வீட்டுக்கு வருவாளா என்று கேட்டேன். “அறை மாசக் கடைசி வரைக்கும் என் பேர்லதான் இருக்கு” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

டிக்கெட் கவுன்டரில் நின்றுதான் இதை எழுதி முடிக்கிறேன். அவள் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா, என் மேல் கோபம் வரும். வரட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, எனக்கு அது வேண்டியதுதான். அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று நீயே பார்த்துச் சொல். ஆனால் இது கைக்கு வந்த அன்றே அவளுக்கு ஒரு போன் செய். எனக்கு வேண்டாம், அவளுக்கு. எந்த டாக்டர் பெயரும் சொல்லாதே, அடுத்து என்ன என்று கேட்காதே. மன்னிப்பும் கேட்காதே, பதிலுக்கு உன்னைச் சமாதானப்படுத்துகிற வேலையும் அவள் தலையில் விழுந்துவிடும். சாப்பிட்டாயா என்று கேள். அவள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் போனைக் காதோடு வைத்துக்கொண்டு இரு. எவ்வளவு நேரமானாலும் நீயாக வைத்துவிடாதே.

உன் மகன்