திண்டிவனத்தில் இறங்காதே

கெடார்,
22.1.2022

அன்பு மகள் வேணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பசு, போன மாதம் அது ஈன்ற கன்று எல்லோரும் நலம். உன் நலத்தை இப்போதெல்லாம் நான் திண்டிவனத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன் என்பதால் இங்கே தனியாகக் கேட்கவில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சிக்னல் இல்லை என்கிறாய், இல்லாவிட்டால் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு கன்று காளையா கிடாரியா சொல் பார்ப்போம் என்று ஆரம்பித்துவிடுகிறார். காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது. எனக்கு ஒருவரும் எழுத்துச் சொல்லித் தந்ததில்லை, கூலிக்குப் போகும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் போர்டுகளைப் பார்த்து நானே கூட்டிக் கூட்டிப் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். முதன்முதலில் தடுமாறாமல் முழுதாகப் படித்த போர்டு திண்டிவனம். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தப் பெயர் எழுதிய பஸ் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

உனக்குக் காய்ச்சல் வந்து, டெஸ்டில் கொரோனா என்று வந்து, உன்னைத் தனி ரூமில் போட்டு நாலைந்து நாள் ஆன பிறகு, அதுவும் யார் வாயால் எனக்குத் தெரிகிறது? உன் ரூமில் இருக்கும் அமலாவின் அம்மா, அந்தத் திண்டிவனத்துச் சவுரியம்மாள் வாயால். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். போனை எடுத்தால், "அக்கா, பதறாதீங்க, வேணிக்கு இப்ப ஜூரம் வுட்டுடுச்சி, நான் தெனம் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்கிறாள். எனக்கு வந்ததே தெரியாது, அவள் விட்டுவிட்டது என்று சொல்கிறாள். நீதான் அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்கள் என்று அவளிடம் கெஞ்சினாயாம். நான் எப்போது பயந்தேன்? உன் முதல் வருடக் காலேஜ் முழுவதும் நம் ஏரிக்கரையில்தான் நடந்தது, சிக்னல் அங்கேதான் வந்தது. வெயிலில் உன் தலைக்கும் போனுக்கும் நான்தான் குடை பிடித்தேன். கரையில் பாம்பு போனபோது உன் வகுப்பு கெடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். போன டிசம்பரில் காலேஜ் திறந்து நீ அசாமுக்கு ரயில் ஏறிய பிறகு உன் வருடங்கள் எல்லாம் வேறு யாருக்கோ போய்விட்டன.

அன்றைக்குச் சென்ட்ரல் ஸ்டேஷனில் சவுரியம்மாள் உன் தோளில் கைபோட்டு, "ரெண்டையும் நான் பாத்துக்கறேன்க்கா" என்றபோது பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், படித்தவள், வேண்டியதைச் சொல்லுவாள், நல்லதுதான் என்றும் நினைத்தேன். வீட்டில் இருந்த ஒரே பெரிய போனை உனக்குக் கொடுத்தனுப்பிவிட்டு நாங்கள் பட்டன் போனை வைத்துக்கொண்டது, அவள் தினமும் உன் முகத்தைப் பார்க்கட்டும், நான் குரலை மட்டும் கேட்டுக்கொள்கிறேன் என்பதற்காக இல்லை. எதிர்வீட்டு இளவரசி நீ வைத்த ஸ்டேட்டஸ் என்று காட்டினாள். நீயும் அமலாவும் ஒரே நிறத்தில் ஸ்வெட்டர் போட்டு நிற்கிறீர்கள். சவுரியம்மாள் பார்சலில் அனுப்பியதாம். "ரெட்டப் புள்ளைங்க மாரி கீதுங்கக்கா, ரெண்டும் அந்தம்மா பெத்ததாட்டம்" என்று இளவரசி சிரிக்கிறாள். அவளுக்கு அன்றைக்குப் பால் ஊற்றவில்லை, கன்று குடித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். நான் கொடுத்தனுப்பிய கேப்பை மாவு எந்த மூலையில் இருக்கிறது என்றாவது உனக்குத் தெரியுமா? மல்லாட்டை உருண்டை இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது, வேர்க்கடலை உருண்டை என்று பக்கத்து ரூம் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள் என்றாய், அதையாவது கேட்க மனம் குளிர்ந்தது. போன தடவை பேசும்போது நீ அவளைச் சவுரிம்மா என்றாய். ஆன்ட்டி என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தாய். எப்போது அம்மா ஆனாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஆவி பிடி என்றால், "நீ சும்மா பேஜாரு பண்ணாதம்மா" என்கிறாய், அதையே அவள் சொன்னால் ஒரு நாளைக்கு மூன்று வேளை பிடிக்கிறாய்.

எனக்குப் பொறாமை என்று உன் அப்பா சொல்கிறார். ஆமாம், பொறாமைதான். பெற்றவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்க வேண்டும்?

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், இளவரசி வேறு விதமாகச் சொல்வதற்கு முன்னால். சவுரியம்மாள் போனை வைத்த அன்றைக்கே மரத்தில் ஏறி வேப்பிலை ஒடித்து வாசலில் சொருகினேன். நீ ஏழாவது படிக்கும்போது உனக்கு அம்மை வார்த்ததே, சொறியாமல் இருக்க உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டே தூங்கினேனே, அப்போது என்னென்ன செய்தேனோ அத்தனையும் செய்தேன். வீட்டில் எண்ணெய் காயவில்லை, தாளிக்கவில்லை, நான் யார் வீட்டுக்கும் போகவில்லை, சொசைட்டிக்கு ஊற்றும் பால் தவிர ஒரு பொருளை வெளியே கொடுக்கவில்லை. பொங்கலுக்குக்கூட முந்திரி வறுத்துப் போடாமல்தான் வைத்தேன். இது அம்மை இல்லை என்று எனக்கும் தெரியும் வேணி. நீ படுத்திருக்கும் ரூம் வாசலில் வேப்பிலை சொருக அங்கே யார் இருக்கிறார்கள்? சாப்பாட்டுப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்று நீயே சொன்னாய். அந்தத் திண்டிவனத்து அம்மாள் போனில் மாத்திரை பெயர் சொல்கிறாள், விரலில் மாட்டும் மிஷினைக் காட்டச் சொல்லி நம்பர் பார்க்கிறாள். எனக்குத் தெரிந்தது இதுதான், அதனால் இதைச் செய்தேன். உன் அப்பாவுக்கு ஒரே கேலி. "ஜூரம் அசாம்ல, வேப்பல கெடார்ல. மாத்தரைய வேணா நான் முழுங்கறேன், அவளுக்கு எறங்கிடும்" என்கிறார். வாய்தான் அப்படி. அவர் காவல் இருக்கும் மோட்டார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். அதே ஆள் மறுநாள் தன் மூச்சு இழுப்புக்கு மருந்து வாங்க விழுப்புரத்துக்குப் போய்விட்டு வந்தார், கிட்டே வந்ததும் மீசையில் பூண்டு தாளித்த வாசனை. ஓட்டலில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு நாள் நான் பேசவில்லை.

வேப்பிலையைப் பார்த்துவிட்டு இளவரசி நம் வீட்டில்தான் கொரோனா என்று பால் சொசைட்டியில் சொல்லிவிட்டாள். பாலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சுகாதாரத்திலிருந்து ஆட்கள் வந்து எங்கள் இரண்டு பேர் மூக்கிலும் குச்சி விட்டு, கதவில் ஒரு பேப்பர் ஒட்டிவிட்டுப் போனார்கள். நீ அங்கே உள்ளே, நாங்கள் இங்கே உள்ளே. உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் எனக்கு நன்றாகத்தான் இருந்தன. உன் கதவை மூடியபோது என் கதவையும் மூடினார்கள், இது திண்டிவனத்துக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. பேப்பரைக் கிழிக்க வந்த பிள்ளை, "ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சே, அந்த வேப்பலைய அவுத்துடுங்கம்மா, ஊரே பயந்துக்கினு கீது" என்றான். எனக்கு இல்லை, என் பெண்ணுக்கு இருக்கிறது, நீ உன் பேப்பரை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். இலை காய்ந்துவிட்டது. மேலே புதுக் கொத்து ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

இப்போது உனக்கும் சரியாகிவிட்டது. காலேஜும் மறுபடி மூடுகிறார்கள், அடுத்த மாதம் நீயும் அமலாவும் ஒரே ரயிலில் வருகிறீர்கள். எல்லாம் கேட்டுச் சந்தோஷம். ஆனால் நேற்று சவுரியம்மாள் போன் செய்து, "வேணி எங்க வூட்லயே ஒரு வாரம் தனியா இருக்கட்டும்க்கா, மாடில ரூம் கீது, பாத்ரூம் ஒட்டியே கீது. அண்ணனுக்கு வேற இழுப்பு. அப்பறமா நானே ஒங்க வூட்டுக்கு அனுப்பி வெக்கறேன்" என்றாள். அனுப்பி வைக்கிறாளாம், என் பெண்ணை என் வீட்டுக்கு. நீயும் சரி என்று சொல்லிவிட்டாயாமே. மூன்று நாள் ரயிலில் யார் யாரோடோ உட்கார்ந்து வருகிறாய், அப்பாவுக்கு இழுப்பு இருக்கிறது, நம் வீட்டில் இருப்பது ஒரே ரூம், அதனால்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரிகிறது. உன் புத்தியில் தப்பில்லை. ஆனாலும் நான் விடப்போவதில்லை.

ஒரே ரூம்தான் என்றால் அந்த ஒரு ரூம் உனக்கு. நானும் அப்பாவும் மோட்டார் கொட்டகைக்குப் போகிறோம். நேற்றே அங்கே சாணி போட்டு மெழுகிவிட்டேன், கயிற்றுக் கட்டிலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். நிலத்துக்காரரிடம் கேட்டாயிற்று. பின்னால் கவர்மென்ட் கட்டிக்கொடுத்த கக்கூஸில் நாம் மல்லாட்டை மூட்டை அடுக்கி வைத்திருந்தோமே, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கழுவி, சுண்ணாம்பு அடித்து, புதுத் தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன். ஒட்டியே இல்லைதான், பத்தடி நடக்க வேண்டும். உன் ரூம் வாசலில் சோறு வைத்துவிட்டு நான் ஓடமாட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கையில் போன் இல்லாமல் உன் முகத்தை முழுதாகப் பார்ப்பேன்.

சவுரியம்மாளுக்குக் கொடுக்க நல்ல மல்லாட்டையாகப் பொறுக்கி ஒரு பை வைத்திருக்கிறேன். அதை நீ கொண்டுபோகாதே. அம்மைக்கு ஊற்றுகிற மாதிரி உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகு நானே போய் அவள் கையில் கொடுத்து, என் பெண்ணைப் பார்த்துக்கொண்டதற்கு அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவேன். அவள் வீட்டில் ஒரு வாய் காப்பிகூடக் குடிப்பேன். ஆனால் அது பிறகு. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மூன்று தடவையும் உன் தலையில் என் கையால் ஊற்றி முடிக்கிற வரைக்கும் வாசலில் இருப்பதை அவிழ்க்க மாட்டேன், இந்த வீட்டில் கடுகு வெடிக்காது. அப்பா உன்னைச் சீக்கிரம் வரச் சொன்னார். எதற்காகச் சொல்கிறார் என்று உனக்கே தெரியும்.

நீ நன்றாக இரு. நோய் நொடி அண்டாமல், படிப்பு குறையாமல், உன் காலடி பட்ட இடமெல்லாம் உனக்கு நல்ல இடமாக இருக்கட்டும் என்று மாரியாத்தாளைக் கும்பிடுகிறேன். ரயிலில் முகக்கவசத்தைக் கழற்றாதே, குளிருக்கு அந்த ஸ்வெட்டரையே போட்டுக்கொள், குளிரிடம் வீம்பு செய்யக் கூடாது. இந்தக் கடிதத்தை அமலாவிடம் காட்டாதே.

கோயம்பேட்டில் விழுப்புரம் பஸ்ஸாகப் பார்த்து ஏறு. திண்டிவனம் முன்னால் வருவது நான் செய்த குற்றம் இல்லை, ரோடு போட்டவன் செய்தது. அங்கே பஸ் நிற்கும், அமலா இறங்குவாள், அவள் அம்மா வந்து காத்திருப்பாள். ஜன்னல் வழியாக ஒரு வணக்கம் சொல். நீ இறங்காதே. நான் விழுப்புரத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
பெ. குப்பம்மாள்