காலர் உயர்ந்த இரண்டு சட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தையல் மெஷினை வலது காலாலேயே மிதித்துக்கொண்டிருக்காதீர்கள்.

இங்கே சிகிச்சை அறையில் நேற்று ஒரு சின்னக் கலாட்டா. தையல் இழுத்துப் பிடித்தால் துணி சுருங்குமே, அப்படித்தான் காயம் ஆறிய இடத்தில் சதை இறுகும். அதை விரலால் நீவி இளக்குவது என் வேலை. எங்கே தொடப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். கழுத்தில் கத்திக்குத்துப் பட்ட லாரி டிரைவர் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். அவசரத்தில் நான் சொல்லாமலே பின்கழுத்தில் கட்டைவிரலை அழுத்திவிட்டேன்.

மனிதர் துள்ளி எழுந்து, என் கழுத்தை நெரித்துச் சுவரோடு தள்ளினார். அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. "மறுபடியும் குத்த வந்தியாடா?" என்று அலறினார். நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள். மேலாளர் போலீசைக் கூப்பிடப் போனார். "சொல்லாம தொட்டது நான்தான் சார்" என்று தடுத்துவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை, குரல்தான் தவளை மாதிரி ஆகிவிட்டது.

இன்று அவரே வந்தார். "கழுத்துல கை வைக்கட்டுமாண்ணே?" என்றேன்.

"வைம்மா. ஆனா உன் கைதான் நடுங்குது."

எனக்குச் சட்டை இரண்டு தைத்து அனுப்புங்கள். பழைய அளவுதான், காலர் மட்டும் இரண்டு விரல் உயரமாக இருக்கட்டும். அம்மா கேட்டால், இங்கே குளிர் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தவர் வந்துவிட்டார்.

உங்கள் மகள்