நேரலையில் கேட்காத ஒப்பாரி

யேசு மரி சூசை துணை

குருநகர்

என் அன்பு மகன் றோய்க்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அக்கா வசந்தினியும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம், பரிஸ் பட்டினத்தில் நீயும் அந்தக் குளிருக்குள் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கையில் ஃபோன் இருக்க அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். ஃபோனில் எடுத்தால் நீ ஒரே பாட்டைத்தான் பாடுகிறாய். அப்பாவின் செத்த வீட்டில் நான் சொல்லி அழுத ஒப்பாரியைப் பதிந்து அனுப்ப வேண்டுமாம், இல்லாவிட்டால் உனக்குக் கேட்கக்கூடாதென்று நேரலையில் சத்தத்தை நிறுத்தியது அக்காதான் என்று நினைப்பாயாம், அவளோடு கதைக்கவும் மாட்டாயாம். ஒரு மாதமாக அவளும் உன்னிடமிருந்து மெசேஜ் வந்ததா என்று ஃபோனைப் பார்த்துப் பார்த்துக் கறியை அடிப்பிடிக்க விடுகிறாள். அதனால் பிலிப்பு அண்ணையின் மருமகன் பரிசுக்குத் திரும்பும்போது கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து கடைசி வரை வாசி, நீங்கள் இப்போது பாட்டுக் கேட்கிற மாதிரி நடுவில் தள்ளிவிட்டுப் போகாதே.

பாட்டுக் கேட்கிறார்களாம் பாட்டு. அத்தான் பல்லவி முடிவதற்குள் விரலால் தள்ளி அடுத்ததுக்குப் போய்விடுகிறார், அதையும் முழுதாகப் பாட விடுவதில்லை, ஏன் என்று கேட்டால் "மாமி, அதிலை நல்ல இடம் அவ்வளவுதான்" என்கிறார். பாட்டு என்ன பாரை மீனா, முள்ளை ஒதுக்கிவிட்டுச் சதையை மட்டும் தின்ன? அக்காவின் பெரியவள் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு திரிகிறாள், தோளில் தட்டினால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒரு வீட்டுக்குள் ஆளுக்கொரு பாட்டு ஓடுகிறது, ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாது. கோயிலில் மட்டும் என்ன வாழ்கிறது? பாடகர் குழுவுக்கு மேளம் அடிக்க ஆள் வேண்டாமாம், கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே அடிக்குமாம். போன ஞாயிறு சுவாமி பிரசங்கம் தொடங்கிய பிறகும் அது நிற்காமல் டிங்கு டிங்கென்று அடித்துக்கொண்டிருந்தது, நிறுத்துகிற பொத்தான் எது என்று ஆளாளுக்குக் குனிந்து தேடுகிறார்கள், கடைசியில் வயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினார்கள். சுவாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் முக்காட்டை இழுத்துவிட்டு அதற்குள் சிரித்தேன்.

சரி, செத்த வீட்டு விசயத்துக்கு வருகிறேன். அகதிக் கேஸ் முடியாமல் நீ அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றபடியால் உனக்குக் காட்டத்தான் வீடியோக்காரன் சுபாசைப் பிடித்தோம். அவன் உள்ளதை உள்ளபடி காட்டியிருக்கலாம். வெறும் அழுகையாக இருந்தால் வெளிநாட்டில் பார்க்கிற சனத்துக்கு மனம் கனக்குமாம், பின்னணி வேண்டுமாம் என்று ஸ்பீக்கர் பெட்டியில் யாரோ பாடி விற்கிற ஞானப்பாட்டு ஒன்றைப் போட்டான். செத்த வீட்டில் மனம் கனக்காமல் கலியாண வீட்டிலா கனக்கும்? அந்தப் பாட்டுக்கு ஒரு சொந்தக்காரக் கம்பெனி இருக்கிறதாம், கேட்காமல் போட்டதை எங்கேயோ கிடக்கிற மெசின் கண்டுபிடித்துவிட்டதாம். கண்டுபிடித்த கெட்டிக்கார மெசினுக்குப் பாட்டை மட்டும் நிறுத்தத் தெரியவில்லை, எங்கள் அழுகையையும் சேர்த்து நிறுத்திவிட்டது. சவப்பெட்டி மூடப்போகிற நேரம் நான் எழும்பி உன் அப்பாவின் தங்கச்சி சிசிலியா மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்புச் சொல்லத் தொடங்கியதில் இருந்து நீ பார்த்தது வாயசைப்பு மட்டும்தான். அக்கா ஒன்றையும் தொடவில்லை. அவள் அந்த நேரம் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் விழுந்து கிடந்தாள், படத்தில் நீயே பார்த்திருப்பாய்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னம் சுபாஸ் சட்டையில் குத்துகிற ஒரு குட்டி மைக்கோடு வந்தான். "அன்ரி, அந்த இடத்திலை சத்தம் வரேல்லை, இன்னொருக்கா அழுது தாங்கோ, நான் படத்தோடை ஒட்டிவிடுறன்" என்றான். ஃபானை நிறுத்தச் சொன்னான், கோழியைத் துரத்தச் சொன்னான், பிறகு சிசிலியா மாமியையும் தள்ளி இருக்கச் சொன்னான், இரண்டு குரல் கலந்தால் தெளிவு காணாதாம். கட்டிப்பிடிக்க ஆள் இல்லாமல் யாராவது ஒப்புச் சொல்வார்களா? மாமி எழும்பி, "தம்பி, அப்பிடியே அண்ணையையும் கிண்டி எடுத்துக்கொண்டு வாவன், வச்சு அழுவம்" என்றா. ஆள் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டான். நீயும் அவனுக்குக் குறைந்தவன் இல்லை. வேலைக்குப் போகிற ரயிலில் காதில் போட்டுக் கேட்கப் போகிறாயாம். முன்னுக்கு ஒரு சினிமாப் பாட்டு, பின்னுக்கு ஒரு சினிமாப் பாட்டு, நடுவில் உன் அப்பாவுக்கு நான் அழுதது. இறங்குகிற இடம் வந்தால் நிறுத்திப் பைக்குள் வைத்துவிட்டுக் கோப்பை கழுவப் போவாய். ஒப்பாரி அப்படிக் கேட்கிற சாமான் இல்லை ராசா, பக்கத்தில் இருக்கிறவர்கள் கூடச் சேர்ந்து அழுவார்கள், தாங்கமாட்டாதவர்கள் எழும்பிப் போவார்கள்.

ஆனால் நான் மாட்டேன் என்றது அதற்காக மட்டும் இல்லை. ஒப்புச் சொல்லும்போது வராத ஆட்களைப் பேர் சொல்லிக் கேட்பது எங்கள் ஆட்களின் வழக்கம் என்று உனக்குத் தெரியும். நான் உன்னைத்தான் கேட்டேன். "எடே றோய், அப்பாவைத் தூக்கப் பிள்ளை இல்லையடா, தோள் குடுக்க வாடா, இப்பவே வெளிக்கிட்டு வாடா" என்று நெஞ்சில் அடித்து அடித்துக் கூப்பிட்டேன். உன்னில் கோபித்து இல்லை, அந்த நேரம் வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. அது உன் காதில் விழுந்திருந்தால் நீ கேசை எறிந்துவிட்டு அடுத்த பிளேனில் ஏறியிருப்பாய், பெற்ற எனக்கு உன்னைத் தெரியாதா? இத்தனை வருசம் அந்தக் குளிருக்குள் காத்துக் கிடந்தது மண்ணாய்ப் போயிருக்கும். எழுத்தில் வாசித்தால் தாங்குவாய், என் குரலில் கேட்டால் தாங்கமாட்டாய். அந்த மெசினுக்கு நான் கொடுத்த திட்டுக்குக் கணக்கில்லை, ஆனாலும் இந்த ஒரு காரியத்துக்காக மாதா கோயிலில் அதன் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். ஏன் என்று அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை.

இதை வாசித்த உடனே அக்காவோடு கதை. கருவாட்டை அறைப் பொடியங்களோடு பங்கிட்டுச் சாப்பிடு, பொரிக்கும்போது சன்னலைத் திறந்துவிடு, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பொலிசைக் கூப்பிடப் போகிறார்கள். தலைக்குத் தொப்பி போடாமல் வெளியே போகாதே. என் ஆசீர்வாதமும் மேலே இருந்து அப்பாவின் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கும், மாதா உன்னைக் கைவிடமாட்டா. கேஸ் வென்று, பயமில்லாமல் வந்து போகிற பத்திரம் கையில் கிடைத்த பிறகு வா, அதற்கு முன் டிக்கெட் பார்த்தாயோ வாசலில் நின்று நானே திருப்பி அனுப்புவேன். வந்தால் அப்பாவைப் புதைத்த சேமக்காலைக்கு நீயும் நானும் போவோம், அங்கே உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழுவதையும் சொல்லி அழுகிறேன். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வா.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
லூர்த்தம்மா