உன் வீட்டு வண்டி புறப்பட்ட காலை

போன வாரம் ரேணிகுண்டாவில் மகனுடைய ஸ்கூட்டரைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தோம். கடைக்காரன் பிரேக் ஆயில் பாட்டிலைத் திறந்தான். அந்த வாசனை பட்டதும் கடையை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றுகொண்டேன். வாழ்நாள் முழுக்க இரும்போடும் எண்ணெயோடும் கிடந்தவன் நான். எந்த வாசனையும் என்னை ஒன்றும் செய்ததில்லை, இது ஒன்றைத் தவிர. "இன்னா நைனா, மயக்கமா?" என்றான் மகன். வெயில் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வது எனக்குப் பழகிவிட்டது. உன்னிடமாவது இன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீ குவைத்திலிருந்து கடைசியாகத் திரும்பி வந்தபோது புத்தூரே உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடி வீடு கட்டுவாய் என்றார்கள் சிலர். திருப்பதியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹோட்டல் வைப்பாய் என்றார்கள் சிலர். நீயோ சித்தூரிலிருந்து ஒரு பழைய டீசல் வேனை ஓட்டிக்கொண்டு வந்து என் வெல்டிங் பட்டறை வாசலில் நிறுத்தினாய். இதை வீடாக்கிக் கொடு என்றாய். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி என்ற உரிமையில், உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னாய். நீ வேலை பார்த்த அரபு வீட்டுக்காரர்கள் குளிர்காலம் வந்தால் சக்கரம் வைத்த வீட்டோடு பாலைவனத்துக்குப் போய்விடுவார்களாம். உள்ளே கட்டில், அடுப்பு, குழாயைத் திறந்தால் தண்ணீர். அதை இழுத்துப் போகிற வண்டிக்கு நீ டிரைவர். அவர்கள் உள்ளே படுக்க, நீ வெளியே மணலில் பாய் விரித்துக் காவல் இருந்திருக்கிறாய். "அத்தினி வருசம் அவுங்க வூட்ட இட்டுக்கினு திரிஞ்சேன்டா. ஒரு தபா நம்ம வூட்ட நாமளே ஓட்டிக்கினு போய்ப் பாக்கணும்" என்றாய். மறுநாளே பின் இருக்கைகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அந்த நாலு மாதம் போல எனக்கு ஒரு காலம் வாய்க்கவில்லை. மடக்கினால் பெஞ்சு, விரித்தால் கட்டில். ஜன்னலுக்குக் கீழே தொங்குகிற பலகையில் இரண்டு பர்னர் அடுப்பு. தட்டு, டம்ளர் உருளாமல் இருக்க ஓட்டை போட்ட மரத்தட்டு. உன் மனைவி வசந்தா நகரியிலிருந்து துணி வாங்கி வந்து பச்சைத் திரை தைத்துப் போட்டாள். உன் மகள் பவானி பள்ளிக்கூடம் விட்டதும் வண்டிக்குள் ஏறி வீட்டுப்பாடம் எழுதுவாள். நிற்கிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, நெல்லூர் வந்தாச்சா பெரியப்பா என்று என்னைக் கேட்பாள்.

முதல் பயணம் பிச்சாட்டூர் அணைக்கு. நம் இரண்டு குடும்பமும் போனோம். கரையோரம் நிறுத்திப் பின்கதவு இரண்டையும் நீ திறந்துவிட்டபோது ஆரணியாற்றுத் தண்ணீர் முழுவதும் நம் வீட்டு வாசல் மாதிரி எதிரில் கிடந்தது. மீன்காரன் கொடுத்த கெண்டையை வசந்தா அங்கேயே குழம்பு வைத்தாள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை அடிக்க, ஆறு பேரும் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்து சோறு தின்றோம். எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை. வீடுதான் கூடவே இருந்ததே. நீ அடிக்கடி கதவைச் சாத்தித் திறந்து பார்த்துக்கொண்டாய். உள்ளே படுத்துக் கண்ணை மூடி, வெளியே மழை பெய்வதைக் கேட்டுக்கொண்டே சிரித்தாய்.

அன்றுதான் டீக்கடைக்காரி வந்து திரையை விலக்கிப் பார்த்தாள். நீளமான கட்டிலைக் கண்டதும் பிண வண்டியோ என்று ஓரடி பின்னால் போய்விட்டாள். "இதுல யாரப் படுக்க வெச்சி எடுத்துக்கினு போறீங்க?" என்று கேட்டாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். வசந்தா சிரிக்கவில்லை. அவள் கை திரும்பத் திரும்ப அந்தக் கட்டில் விரிப்பைச் சரி செய்துகொண்டே இருந்தது.

குடத்துத் தண்ணீர் போதவில்லை, குழாய் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். வண்டிக்கு அடியில் தண்ணீர் டேங்க் கட்டினேன். அதைத் தாங்குவதற்கு இரும்புப் பட்டையை வளைத்து போல்ட் போட்டது நான்தான். அதற்குப் பிறகு வளைவுகளில் திரும்பும்போது அடியிலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. நாராயணவனம் போய் வந்தபோது இரண்டு தரம் கேட்டேன். சொன்னேன். பாத்திரம் உரசுகிறது, எனக்கு அது தாலாட்டு மாதிரி இருக்கிறது என்றாய். நான் குனிந்து பார்த்திருக்கலாம். மாலை நேரம், பசி வேறு. பார்க்கவில்லை.

அப்புறம் அந்தக் காலை. உன்னோடு குவைத்தில் இருந்த ஒருவர் பலமநேரில் இருந்தார். வண்டியை நேரில் பார்க்க வேண்டும், பிடித்தால் அதே மாதிரி ஒன்று தானும் செய்துகொள்வேன் என்றிருந்தார். பவானிக்குப் பரீட்சை என்பதால் நீ மட்டும் கிளம்பினாய். வசந்தா வண்டிக்குப் பொட்டு வைத்தாள். முன்னால் தேங்காய் உடைத்தாய். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாய். நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினாய்.

வண்டி நின்ற இடத்தில் ஈரம் இருந்தது. தேங்காய்த் தண்ணீர் என்று நினைத்தேன். ஆனால் தேங்காய் உடைத்தது முன்பக்கம், ஈரம் இருந்ததோ பின் சக்கரப் பக்கம். குனிந்து தொட்டேன். வழவழவென்று விரலில் ஒட்டியது. மூக்குக்குக் கொண்டு போனேன். பிரேக் ஆயில். நிமிர்ந்தபோது நீ தெருமுனையில் எருமைகள் கடப்பதற்காக வேகத்தைக் குறைத்திருந்தாய். கத்தினால் கேட்கிற தூரம்தான். வாயைத் திறந்து இரண்டு எட்டு எடுத்து வைத்தேன். வசந்தா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாடி கூப்டாதண்ணே. நல்ல காரியமா போறாரு."

நின்றுவிட்டேன். கிளம்பிப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கே போகிறாய் என்றுகூட நம் பக்கத்தில் கேட்கமாட்டோம். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம் அது. அந்த ஒரு நொடியில், கையில் எண்ணெயை வைத்துக்கொண்டு, எண்ணெயை விட அதைத்தான் நம்பினேன். எருமைகள் போய்விட்டன. நீயும் போய்விட்டாய். எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஆயில் கசிந்தால் பெடல் அமுங்கும், அரபு நாட்டில் வண்டி ஓட்டினவனுக்கு அது தெரியாதா, சித்தூரிலேயே நிறுத்திப் பார்த்துவிடுவான் என்று. பட்டறைக்குப் போய்க் கதவைத் திறந்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. தெருவில் யார் வேகமாக நடந்தாலும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது.

மத்தியானம் எஸ்.டி.டி. பூத்துக்காரன்தான் ஓடிவந்தான். சித்தூரைத் தாண்டி ஓர் இறக்கத்தில் கிரானைட் கல் ஏற்றிய லாரி ஒன்று பழுதாகி நின்றிருக்கிறது. உன்னால் நிறுத்த முடியவில்லை.

போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வண்டியைப் போட்டு வைத்திருந்தார்கள். யாரும் கவனிக்காத நேரத்தில் அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். நான் வளைத்த பட்டையின் விளிம்பை அரம் போட்டு மழுக்காமல் விட்டிருந்தேன். அந்த விளிம்பு பிரேக் பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருந்தது. நீ தாலாட்டு என்று சொன்ன சத்தம் அதுதான். பைப் அறுந்தது என்று எழுதிக்கொண்டார்கள். எதனால் என்று யாரும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் வசந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள், "அன்னிக்கி இன்னாத்துக்குண்ணே கூப்ட வந்தே?" எப்போது திரும்புவான் என்று கேட்க நினைத்தேன் என்றேன். உண்மையைச் சொன்னால் என் சட்டையைப் பிடித்த அவள் கைதான் உன்னைக் கொன்றது என்று ஆயுள் முழுக்க நினைப்பாள். அதனால்தான் சொல்லவில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டு வந்தேன். பட்டையும் வெளியே வந்துவிடுமே என்ற பயம்தான் அதைவிடப் பெரியதோ என்னவோ. இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை. நம்பிவிட்டாள் என்றுதான் இருந்தேன்.

பவானி இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், குழாய் எல்லாம் உள்ள வண்டி. கடற்கரையோரமாகவே பத்து நாள் போகப் போகிறார்களாம். நைனாவோட வண்டி இப்படியா இருந்தது என்று என்னைக் கேட்டாள். உன் அம்மா தைத்த பச்சைத் திரை இதில் இல்லை என்றேன்.

அவர்கள் கிளம்பும்போது எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்க்காமல் நின்றேன். அப்போது பக்கத்திலிருந்து வசந்தா உரக்கக் கூப்பிட்டாள்.

"பவானி, நில்லு."

தெருவில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி நின்றது. வசந்தா என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. "அடியில ஒரு தபா பாத்துட்டு அனுப்புண்ணே" என்றாள்.

இந்த வயதில் மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனேன். எல்லாப் பைப்பும் காய்ந்து சுத்தமாக இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கால்கள் அசையாமல் நின்றிருந்தன. நான் அன்று எதற்காக உன்னைக் கூப்பிட வந்தேன் என்பது எத்தனை வருடமாக அவளுக்குத் தெரியும், தன் கையை அவள் எப்படி மன்னித்தாள், எனக்குத் தெரியாது. அங்கேயே படுத்து அழுதேன்டா. ஒன்றுமில்லை, நல்லா இருக்குது என்று உள்ளேயிருந்தே சொன்னேன். சரிண்ணே, எழுந்து வா என்றாள்.

வண்டி போன பிறகு காபி கொடுத்தாள். குடித்தேன். இரண்டு பேரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை. நான் பார்த்தும் கூப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பட்டையை வளைத்தது நான் என்பதும் தெரியும். அதன் விளிம்பை நான் மழுக்காமல் விட்டது மட்டும் அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உனக்கு இப்போது சொல்லிவிட்டேன். இனி அவளுக்குச் சொல்ல வேண்டும்.