காத்திருக்காத குரல்

கருங்கல்மேடு ஒலி நிலையம்
எழுதுபவர்: ஷெரின் தங்கநாயகம், ஒலி ஆய்வாளர்

பிப்ரவரி 9, 2058. காலை 6:40

இருபத்திரண்டு மைக்குகளில் இருபத்தொன்று வேலை செய்கின்றன. ஒன்பதாவதின் கம்பியை மறுபடியும் முள்ளம்பன்றி கடித்துவிட்டது. வெப்பம் 17 டிகிரி. யானைக்கூட்டம் நீர்முள்ளி ஓடையின் மேல்கரையில். எண்ணிக்கை பதினொன்று, மாற்றமில்லை.

புதிதாகப் படிப்பவருக்கு: யானைகள் பேசுவதில் பாதி நம் காதுக்கு எட்டாது, அவ்வளவு தாழ்ந்த உறுமல். மைக்குகள் அதைப் பிடித்துத் திரையில் கோடாக வரையும். வேகத்தைக் கூட்டி ஓட்டினால் நமக்கும் கேட்கும். அதுதான் என் வேலை.

இங்கே இருப்பது இரண்டு பேர். கோபுரத்தில் நான். தரையில் வழிகாட்டி மசணன், ஐம்பது தாண்டியவர், மேற்கே ஆற்றைத் தாண்டியிருக்கும் மாவள்ளத்துக்காரர். நாங்கள் பேசிக்கொள்வது வாக்கிடாக்கியில். கோவையில் திட்டத் தலைவர் அன்வர்தீன். எல்லாப் பேச்சும் நேர்வழி நிறுவனம் மலை உச்சியில் நட்ட அலைக்கோபுரம் வழியாகத்தான் போகிறது. யானைகளைப் பயிர்ப்பக்கம் வராமல் திருப்பும் ‘வழித்துணை’ என்ற கணினியும் அவர்களுடையதுதான். நாங்கள் திருத்தி முடித்த பதிவுகளில் அதற்கும் ஒரு பிரதி போகும். ஒப்பந்தம் அப்படி.

பிப்ரவரி 20 கணக்கெடுப்பு. அன்று இந்தப் பள்ளத்தாக்கில் யானை இருந்தால் நேர்வழியின் மலைச்சாலைக்கு அனுமதி கிடைக்காது. இல்லாவிட்டால் கிடைக்கும்.

பிப்ரவரி 11. காலை 9:15

பதினான்காம் மைக்கில் ஓர் உறுமல். "வாருங்கள், போகலாம்" என்று கூட்டத்தைக் கிளப்பும் வகை. பொருத்திப் பார்த்ததில் என் கணினி சொன்ன பெயர் கிழிகாதி. 99 சதவீதம்.

கிழிகாதி இந்தக் கூட்டத்தின் தலைவி. நவம்பரில் இறந்துவிட்டாள். ஓடைத்துறையில் அவள் விழுந்து கிடந்தபோது நான் இருபதடி தள்ளி நின்றேன். கூட்டம் மூன்று நாள் அவளை விட்டு நகரவில்லை.

மறுபடி ஓட்டினேன். அவள்தான்.

கோவைக்குத் தெரிவித்தேன். அன்வர்தீன் சாரின் பதில்: "பழைய பதிவு ஏதாவது தானா ஓடிடுச்சான்னு பாருங்க ஷெரின். இன்னொண்ணு. மசணன் இல்லாம நீங்க காட்டுக்குள்ள ஓர் அடி வைக்கக் கூடாது. அவரையும் தனியா அனுப்பாதீங்க. போனா ரெண்டு பேரும், வந்தா ரெண்டு பேரும்."

என் கணினியில் எதுவும் ஓடவில்லை.

பிப்ரவரி 12. மாலை 4:30

நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை அந்த உறுமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிழக்கே தள்ளி. கூட்டம் அதன் பின்னால் போகிறது. இன்று மட்டும் ஐந்து கிலோமீட்டர். வழக்கத்தைவிட மூன்று மடங்கு. சுருக்குக் கம்பியில் கால் அறுபட்ட குட்டி ஒன்று கூட்டத்தில் இருக்கிறது. மரத்தில் கட்டிய கேமராவில் அது எல்லோருக்கும் கடைசியாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது.

பழைய பதிவுகள் உள்ள அலமாரிக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம். இன்னொன்று மசணனிடம். பத்தாம் தேதி அவர் ஊருக்குப் போய்விட்டு மறுநாள்தான் வந்தார்.

வாக்கிடாக்கியில் கேட்டேன்.

"அண்ணே, முந்தாநாள் மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"ஏனுங்க அம்மிணி?"

"சும்மாதான் கேக்கேன்."

"சும்மா கேக்கற மாதிரி இல்லீங்களே." பிறகு: "அந்தச் சத்தத்தப் புடிச்சு வெச்சிருந்தது நீங்கதானுங்க. எம்பட மிசினா பேசுது? எனக்கும் கேக்கறதுக்கு இருக்குதுங்க அம்மிணி. நாந்தான் கேக்கல."

அவருக்கு என் மேல் சந்தேகம். எனக்கு அவர் மேல். அவர் இன்று சாப்பிட மேலே ஏறி வரவில்லை.

பிப்ரவரி 13. காலை 7:50

கண்டுபிடித்துவிட்டேன். எழுதவே கூசுகிறது.

உறுமலை மட்டும் நீக்கிவிட்டுப் பின்னணியைக் கேட்டேன். நான்காவது விநாடியில் ஓர் இருமல். மனித இருமல். என்னுடையது. போன ஜூனில் எனக்குக் காய்ச்சல், மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இறந்த யானையின் குரலுக்குள் நான் இருமிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அலமாரியில் இருக்கும் பிரதியில் அந்த இருமல் இல்லை. ஜூலையிலேயே வெட்டிவிட்டேன். வெட்டாத பிரதி போன இடம் ஒன்றே ஒன்று. வழித்துணை. ஆகஸ்டில் அது கேட்டு எழுதியிருந்தது, "தலைவியின் முழுப் பதிவு தேவை" என்று. நானும் வெட்டாத மூலத்தையே பெருமையோடு அனுப்பிவிட்டேன். கூடவே என் கட்டுரையையும். அதில் நான் எழுதிய முதல் முடிவு: கூட்டம் தலைவியின் குரலுக்குக் கட்டுப்படும்.

மசணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி உடுங்க. எம் பொண்ணு பேறுகாலம்னு போனேன். நேராக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்," என்றார். பேரனா பேத்தியா என்று கேட்டேன். பேத்தி.

கோவைக்கு மூன்று முறை முயன்றேன். பதில் இல்லை.

பிப்ரவரி 14. பகல் 11:20

கூட்டம் நின்றுவிட்டது.

வெள்ளைப்பாறைக் கணவாய்க்கு ஒரு கிலோமீட்டர் முன்னால். அதைத் தாண்டினால் மறுபக்கம் செங்குத்தான சரிவு, திரும்பி ஏற முடியாது. குரல் கணவாயிலிருந்து கூப்பிடுகிறது. யாரும் அசையவில்லை. குட்டி படுத்துவிட்டது. வெயில் அதன் மேல் படாமல் மூன்று பிடியானைகள் சுற்றி நிற்கின்றன. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒன்று விலக, இன்னொன்று அந்த இடத்துக்கு வருகிறது.

எந்நேரமும் முதுகில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் பிடியை மண்வாரி என்போம். அவள் மட்டும் தனியாகக் கிளம்பிக் கணவாய்க்குப் போனதைக் கேமராவில் பார்த்தேன். அங்கே வழித்துணையின் கம்பம் ஒன்று, அதன் மேல் ஒலிபெருக்கி; வழிநெடுக இப்படிப் பல. கம்பத்தை முகர்ந்தாள். பதில் உறுமல் கொடுத்தாள். ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள். ஒலிபெருக்கி அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நாற்பதாவது நிமிடம் வந்ததும் அதே அழைப்பை அதே மாதிரி அழைத்தது. அவள் திரும்பி நடந்தாள்.

பார்த்ததை மசணனிடம் சொன்னேன். கீழிருந்து அவர்: "கண்டுக்கிட்டா பாருங்க. நெசமாலுமே கிழிகாதியா இருந்தா, கூப்பிட்டுப்போட்டு ரெண்டு எட்டு வெச்சுத் திரும்பிப் பாப்பா. குட்டி வந்துருச்சான்னு நிப்பா. இது கூப்பிட மட்டும் செய்யுது. நிக்க மாட்டேங்குது."

என் கட்டுரையில் அந்த நிற்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. மைக்கில் அது பதிவாகாது.

பிப்ரவரி 15. காலை 8:05

விடிந்ததும் கூட்டம் மேற்கே திரும்பிவிட்டது. இன்று முன்னால் போவது மண்வாரிகூட இல்லை. ஓடைக்கு ஒரு கிழப்பிடி வழி காட்டினாள். மேட்டில் வேறொருத்தி முன்னால் போனாள். வேகத்தை முடிவு செய்வது மட்டும் ஒருவர்தான், நொண்டும் அந்தக் குட்டி.

8:40. ஒலிபெருக்கி குரலை மாற்றிக்கொண்டுவிட்டது. இப்போது வருவது தலைவியின் அழைப்பு இல்லை. ஒரு குட்டியின் அலறல். அதுவும் என் பதிவுதான், சுருக்கில் மாட்டிய அன்று எடுத்தது.

கூட்டம் முழுக்கத் திரும்பியது. ஆனால் அவர்கள் ஓடவில்லை. மண்வாரி பின்னால் வந்து, தும்பிக்கையால் குட்டியின் வாயைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்தவள் தொட்டாள். அடுத்தவள். குட்டி இங்கேதான் இருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் தானே உறுதி செய்துகொண்ட பிறகு, மறுபடி மேற்கே நடந்தார்கள்.

9:10. மசணன்: "எனக்கு இதக் கேட்டுட்டு இருக்க முடியலீங்க அம்மிணி. நானே போயி அதைய அவுத்துப்போட்டு வாரேன்." வேண்டாம் என்றேன். அவர் வாக்கிடாக்கியை அணைத்துவிட்டார்.

11:30. அலறல் நின்றது. பிறகு மசணனின் குரல், மெதுவாக: "உளுந்துட்டேனுங்க. காலு ஒடிஞ்சிருச்சாட்ட இருக்குது."

தனியாகக் காட்டுக்குள் போகிறேன். பதிவுப் புத்தகமும் கையடக்கத் திரையும் என்னோடு.

பிப்ரவரி 15. மாலை 3:00. வெள்ளைப்பாறை

இடது முழங்காலுக்குக் கீழே முறிவு. தோல் கிழியவில்லை. மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். கம்பத்தின் படி ஒன்று கழன்றிருக்கிறது. துருவில்லை. திருகாணி இல்லை, அவ்வளவுதான். தற்செயலா என்று தெரியவில்லை. இப்போது எதையும் தற்செயல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பாறை இடுக்கில் நிழல் இருக்கிறது. தண்ணீர் இரண்டு லிட்டர். கோவையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 16. காலை 7:30

கோவை கிடைத்துவிட்டது. அன்வர்தீன் சார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"ஷெரின், நிலையத்தைக் காலி பண்ணிட்டுக் கிழக்குச் சரிவு வழியா இறங்கி வாங்க. கீழ வண்டி நிக்குது."

"சார், மசணண்ணனுக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. அந்தச் சரிவுல அவரால இறங்க முடியாது."

"நீங்க மட்டும் வாங்க. அவரை அப்புறம் பாத்துக்கலாம்."

"சார், அவர் இங்க தனியா கிடப்பாரு."

"நீங்க மட்டும் வாங்க. அவரை அப்புறம் பாத்துக்கலாம்."

மசணன் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போங்க அம்மிணி. அவுங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார்.

எழுந்து நின்றேன். இதை மறைக்கப் போவதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாறையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

உட்கார்ந்து, பேசியதைத் திரையில் போட்டேன். இரண்டு முறை வந்த வாக்கியமும் கோட்டுக்குக் கோடு ஒன்று. நடுவில் எடுத்த மூச்சும் ஒன்று. எந்த மனிதனும் ஒரே மூச்சை இரண்டு தடவை விடுவதில்லை.

அது சார் இல்லை.

யானைகளுக்கு ஒரு தலைவி. எங்களுக்கு ஒரு தலைவர். பள்ளத்தாக்கைக் காலி செய் என்று வழித்துணைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தெரிந்த வழியில் செய்கிறது. வழியைச் சொல்லிக் கொடுத்தது நான்.

பிப்ரவரி 16. பகல் 12:15

வாக்கிடாக்கியைப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி சாரின் குரல். இது வேறு. தொண்டை கட்டியிருந்தது. பின்னால் யாரோ கதவைச் சாத்தினார்கள். உண்மையான ஆள்.

"ஷெரின், மூணு நாளா உங்களைப் பிடிக்கவே முடியலையே. என்னம்மா ஆச்சு?"

நான் பொத்தானை அழுத்திக் கத்தினேன். என் சத்தம் வெளியே போகவில்லை. அதற்கு முன்பே ஒரு பெண் பதில் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல சார். எல்லாம் நல்லா இருக்கு. யானை ஒண்ணுகூட இங்க இல்ல."

"மசணன் எங்க?"

"பக்கத்துலதான் சார் இருக்காவ. நல்லா இருக்காவ. நீங்க யாரும் வர வேண்டாம்."

"சரிம்மா. ரெண்டு பேரும் பத்திரமா இருங்க."

என் தூத்துக்குடிப் பேச்சு. என் சிரிப்பு. சாருக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கே ஒரு கணம் வரவில்லை.

பிப்ரவரி 16. பகல் 1:40

கிளம்புகிறோம், இருவரும். மாவள்ளம் ஒன்பது கிலோமீட்டர். இரண்டு மூங்கில், என் படுக்கைத் துணி, ஒரு கயிறு. அவரைப் படுக்க வைத்து இழுக்கப் போகிறேன். கூட்டம் போன தடத்திலேயே போகச் சொல்கிறார். "குட்டிக்காகப் பாத்துப் பாத்துப் போயிருப்பாங்க. அதுல மேடு இருக்காதுங்க. நமக்கும் அதுதான்." யானைகள் ஒரு நாள் முன்னால் இருக்கின்றன. நெருங்க மாட்டோம்.

இந்தப் புத்தகத்தைத் தகரப் பெட்டியில் வைத்துப் பாறையடியில் விட்டுப் போகிறேன். எங்களிடம் இருந்தால் எங்களோடு தொலையும். எடுப்பவர் இதைக் கோவைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் படித்துக் காட்ட வேண்டாம். 20ஆம் தேதி கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கும். பதினொன்றும். என் குரல் வேறு மாதிரி சொன்னால்

1:52. இப்போது நடந்தது. எழுதிவிட்டுப் போகிறேன்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். மசணன் என் எதிரில், கை எட்டும் தூரத்தில். அவருடைய வாக்கிடாக்கி பேசியது.

"அண்ணே, நான் ஷெரின். கிழக்குச் சரிவுல இறங்கிட்டேன். நீங்க அங்கேயே கிடங்க. அசையாதீங்க. ஆள் அனுப்புதேன்."

அவர் வாக்கிடாக்கியைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணே," என்றது அது மறுபடி. "கேக்குதா?"

எனக்கு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது; திறந்தால் அதே குரல்தான் வரும்.