சீட்டின் உயரம்

அன்புள்ள சூசான்,

நலம். வலது முட்டி மட்டும் அதில் சேரவில்லை.

நம் ஃபானியின் பிரசவத்துக்காக நீ லியோனுக்குப் போனதிலிருந்து, உன் சைக்கிள் சும்மா நின்று துருப்பிடிக்கக் கூடாதென்று தினமும் கடற்கரை வரை ஓட்டிவந்தேன். அதன் பலன் இந்த வலி. பேரன் நடக்கத் தொடங்கியதை ஃபானி வீடியோவில் காட்டினாள். நானும் இப்போது அப்படித்தான் நடக்கிறேன், கைதட்டத்தான் ஆளில்லை.

நெல்லித்தோப்பு பிசியோதெரபிஸ்ட் அஸாருதீன், சைக்கிளையும் கொண்டுவரச் சொல்லி, அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"சீட்டு இவ்ளோ கீழ இருக்குதே சார், யாரோடது இது?"

"வீட்டுக்காரம்மாவோடது."

"அவங்க இப்ப ஓட்டுறாங்களா?"

"ஊர்ல இல்ல."

"அப்ப ஏத்தி வச்சுடுங்க. இல்லன்னா எவ்ளோ பயிற்சி குடுத்தாலும் முட்டி தேறாது."

வீட்டுக்கு வந்து ஸ்பானரை எடுத்தேன். போல்ட் உடனே தளர்ந்தது. மறுபடி இறுக்கிவிட்டேன். நீ வந்து ஏறும்போது கால் எட்டாமல் போனால் நன்றாயிருக்காது.

போனில் கேட்டால் இருவருமே பேரனைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம் என்பதால் எழுதுகிறேன். சீட்டை ஏற்றிவிடலாமா? பதிலுக்கு அவசரமில்லை என்று முடிக்கத்தான் நினைத்தேன். முட்டி சம்மதிக்கவில்லை.

காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்
உன் கணவன்