விரிக்காத ஜமுக்காளம்

அத்தை,

கூடத்தைத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. உங்கள் அறை வாசலில் நின்று பார்க்கிறேன். கறுப்புக் கிரானைட்டில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து தரை முழுக்க மினுங்குகிறது. துடைக்காத நாளிலும் உங்களுக்கு இது இப்படித்தான் தெரிந்திருக்கும்.

கோவில்பட்டியில் இந்த வீட்டுக்கு பிளான் சொன்னவள் நான். நீங்கள் செவப்பு சிமிண்டுத் தரை கேட்டீர்கள். பி.எஸ்ஸி. படித்த மருமகள், கிரானைட்தான் என்று நின்றேன். உங்கள் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே அந்தக் கூடம். அதை ஒரு தூரமாகவே நான் நினைக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் உங்களுக்கு மறதி முற்றியது. ஒருநாள் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, சேலையைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் விளிம்பில் நின்றீர்கள். மழை பெய்த கரிசல் காட்டில் களை எடுக்க நீங்கள் இறங்குவது அப்படித்தான்.

"ஏட்டி, கரிசல் நனைஞ்சு கெடக்கு. காலை வச்சா பொதையும்லா!"

"எம்மா, தோணி கொண்டாரட்டுமா?" என்று உங்கள் மகன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தரையைப் பழிக்கிறீர்கள் என்று நினைத்தேன். "நடிக்காதீங்க அத்தை" என்று கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் கதவு நிலையை விடவில்லை. அடக்க முடியாமல் நின்ற இடத்திலேயே சேலை நனைந்தது. அதற்கும் திட்டினேன்.

திருநெல்வேலி மூளை மருத்துவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். "அவங்க மூளை மினுக்கத்தை ஈரம்னு எடுத்துக்குது. போதாததுக்கு, காலம் பூரா நடந்த மண்ணோட நிறம். வீடு கட்டும்போது தரை அழகா இருக்கான்னு பாக்குறோம். மூளைக்கு அது என்னவாத் தெரியும்னு பாக்குறதில்ல. மினுங்காத விரிப்பு ஒண்ணைக் குளியலறை வரைக்கும் போடுங்கம்மா. நடப்பாங்க."

பரணில் ஜமுக்காளம் இருந்தது. "மூடி வைக்கவா இந்தக் கல்லைப் போட்டோம்?" என்றேன். பரணில் ஏறப்போன உங்கள் மகன் இறங்கிவிட்டார். கட்டிலுக்கு அடியில், நீங்கள் ஒன்றுக்கு ரெண்டுக்குப் போக ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்தேன். எழுபது வயதுவரை களை எடுத்த நீங்கள், பத்து மாதம் அந்த அறையை விட்டு வரவில்லை. வந்தது, கடைசியில் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான்.

அன்றைக்கு உங்கள் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் உட்கார, அந்த ஜமுக்காளத்தை நானே இறக்கி விரித்தேன். உங்கள் அறை வாசலில் தொடங்கிக் குளியலறை வாசலில் முடிந்தது. ஊரே அதன்மேல் நடந்தது.

இது கல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கூடத்தைக் கடக்கும்போது என் கை சேலையைத் தூக்கிப் பிடிக்கிறது. நடிக்காதே என்று கையைப் பிடித்து இழுக்க, உங்கள் மகனும் இல்லாத இந்த வீட்டில் யாரும் இல்லை.